வேலையிடத்துச் சத்தம், வெளிச்சம், வாடை: தாங்க முடியாதவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் வேலை என்றாலே சத்தமும் சூடும் வாடையும் சேர்ந்துதான் வரும். செம்பனை ஆலை, ரப்பர் ஸ்டோர், ஈப்போ பக்கமும் கமுந்திங் பக்கமும் பஸ் வைத்து ஆள் ஏற்றிப் போகும் தொழிற்சாலைகள், டவுனில் இருக்கும் பேரங்காடி, சாப்பாட்டுக் கடை, பள்ளிக்கூடம், கிளினிக் எல்லாவற்றிலும் இதே கதைதான். அங்கே வேலை செய்கிறவர்களில் சிலருக்கு இவை மற்றவர்களைவிட அதிகமாக உறைக்கும். நான் ஒரு செம்பனை ஆலையின் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி. அதனால் இந்தக் கேள்விகள் என்னிடம் வரும். பெரும்பாலும் ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். இதில் தாழ்த்திப் பேச எதுவும் இல்லை என்பதால் பதில்களை வெளிப்படையாக எழுதுகிறேன்.

புலன் கூருணர்வு என்றால் என்ன?

காது, கண், மூக்கு, தோல் வழியாக வரும் செய்திகளை மூளை சலித்துத்தான் எடுத்துக்கொள்கிறது. சுவரில் ஓடும் மின்விசிறியின் சத்தம் கொஞ்ச நேரத்தில் நமக்குக் கேட்காமல் போவது இதனால்தான். சிலருக்கு இப்படிச் சலித்து எடுப்பது குறைவு. விசிறி, பக்கத்து மேசைப் பேச்சு, வெளியே நிற்கும் லாரியின் எஞ்சின், ட்யூப் லைட்டின் ரீங்காரம் எல்லாம் ஒரே பலத்தோடு உள்ளே வரும். சட்டைக் காலரின் லேபிள் காலை முழுக்க உறுத்திக்கொண்டே இருக்கும். அவர்கள் வேண்டுமென்றே கவனிக்கவில்லை, கவனிக்காமல் இருக்க அவர்களால் முடிவதில்லை.

அப்படியானால் இது நோயா?

தனியாகப் பார்த்தால் நோயல்ல. எலைன் ஏரன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் இதை மனிதர்களின் இயல்பான குணங்களில் ஒன்றாக விவரித்தார். ஐந்தில் ஒருவர் வரை இப்படி இருக்கலாம் என்பது அவர் கணிப்பு.

ஆனால் இது வேறு நிலைகளோடு சேர்ந்தும் வரும். ஆட்டிசம் உள்ளவர்களிடம் மிகவும் பரவலாகக் காணப்படுகிறது. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டார்கள். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டு நிலை உள்ளவர்களுக்கும் வரும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வெளிச்சம், சத்தம், வாடை மூன்றுமே தாங்காது. தலையில் அடிபட்டவர்கள், காதில் ஓயாமல் இரைச்சல் கேட்பவர்கள், பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்கள், பதற்ற நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் என்று பட்டியல் நீளும். சின்ன வயதிலிருந்தே இப்படி என்றால் அது உங்கள் இயல்பாக இருக்கலாம். போன மாதம்தான் திடீரென்று தொடங்கியது என்றால் டாக்டரைப் பாருங்கள். இந்த வேறுபாடு முக்கியம்.

சத்தம் கேட்டால் எரிச்சல் வருவது சரி. அது எப்படி மன அழுத்தமாக மாறுகிறது?

எதிர்பாராத பெரிய சத்தம் கேட்டால் உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு ஏறும், தசை இறுகும், அட்ரினலின் சுரக்கும். ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் அடங்க வேண்டும். கூருணர்வு உள்ளவர் அடங்குவதற்குள் அடுத்த சத்தம் வந்துவிடுகிறது. எட்டு மணி நேரம் இப்படி ஏறி இறங்கினால், வேலை முடிந்து வரும்போது உடம்பு களைத்தும் மனம் முறுக்கேறியும் இருக்கும். தூக்கம் கெடும். தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் அதே சத்தம் இன்னும் கூடுதலாக உறைக்கும். பலர் மாட்டிக்கொள்வது இந்தச் சுழலில்தான்.

இங்கே ஒரு ஆராய்ச்சியைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1960களின் கடைசியிலும் 1970களின் தொடக்கத்திலும் இதைச் சோதித்தார்கள். ஒரே அளவு சத்தத்தைச் சிலருக்கு ஒழுங்கான இடைவெளியிலும், சிலருக்கு எப்போது வரும் என்று தெரியாமலும் கேட்க வைத்தார்கள். சத்தம் நின்ற பிறகு எல்லோருக்கும் புதிர்களும் பிழைதிருத்தும் வேலையும் கொடுத்தார்கள். எப்போது வரும் என்று தெரியாமல் கேட்டவர்கள் புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள், பிழைகளையும் அதிகமாக விட்டார்கள். இன்னொரு குழுவிடம் ஒரு பொத்தானைக் காட்டி, ‘மிகவும் முடியாவிட்டால் இதை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது’ என்றார்கள். அவர்கள் பொத்தானைத் தொடவே இல்லை. முழுச் சத்தத்தையும் கேட்டார்கள். ஆனாலும் பொத்தான் இல்லாதவர்களைவிட நன்றாக வேலை செய்தார்கள்.

இந்த முடிவு நம் ஆலைக்கு அப்படியே பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். சத்தத்தின் அளவு ஒரு பக்கம் இருக்கட்டும். எப்போது வரும் என்று தெரிவதும், தேவைப்பட்டால் விலகிப் போகலாம் என்ற உரிமை கையில் இருப்பதும் அழுத்தத்தை நன்றாகவே குறைக்கும். பழக்குலைகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 3 பார் அழுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் போல வெந்த பிறகு நீராவியை வெளியே விடும்போது வரும் சத்தத்துக்குப் பக்கத்து எடைமேடை கிராணி (எழுத்தர்) துள்ளி விழுவார். விடுவதற்கு முன் வாக்கிடாக்கியில் ஒரு வார்த்தை, அல்லது ஒரு சிவப்பு விளக்கு. அதற்கு என்ன செலவாகிவிடப் போகிறது?

எல்லோருக்கும் அதே சத்தம்தானே? மற்றவர்கள் சமாளிக்கிறார்களே?

இந்தக் கேள்வி சூப்பர்வைசர்களிடமிருந்து வரும், வீட்டிலிருந்தும் வரும். பதில் கொஞ்சம் கசப்பானது.

‘பழகிவிட்டது, இப்போது சத்தமே தெரிவதில்லை’ என்று சொல்லும் பழைய ஆட்களில் பலருக்குக் காது கேட்கும் திறன் குறைந்திருக்கும். சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு வலியில்லாமல் மெதுவாக வரும். முதலில் உயர்ந்த சுருதிகள் போகும். பேச்சு கேட்கும், ஆனால் வார்த்தை பிடிபடாது. பேரப்பிள்ளை சொல்வது புரியாது, டிவியைக் கூட்டி வைப்பார். உட்காதில் செத்துப்போன நுண்மயிர் செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உட்காது கெட்டவர்களில் பலருக்கு மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் கொஞ்சம் கூடிய சத்தம் திடீரென்று தாங்க முடியாததாக இருக்கும். ‘அப்பாவுக்குக் காதும் கேட்காது, கொஞ்சம் சத்தமாகப் பேசினால் கத்தாதே என்பார்’ என்று வீட்டில் அலுத்துக்கொள்வோமே, அது வீம்பு அல்ல. காதின் பழுது அப்படித்தான் நடந்துகொள்ளும்.

ஆகவே சத்தம் தாங்கவில்லை என்று ஒருவர் சொன்னால், முதலில் அந்த இடத்தின் சத்தத்தை அளக்க வேண்டும். அவர் சொல்வது எல்லோருக்குமான எச்சரிக்கையாக இருக்கலாம்.

சத்தத்துக்குச் சட்டத்தில் அளவு இருக்கிறதா?

இருக்கிறது. 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள சத்த வெளிப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, ஒரு நாள் வேலையில் ஒருவர் காதில் விழும் சத்தம் சராசரியாக 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. எந்த நொடியிலும் 115 டெசிபலைத் தாண்டக் கூடாது. 82 டெசிபலைத் தாண்டினாலே அதிகச் சத்தம் என்று கணக்கு. அப்போது முதலாளி அளவெடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். 85ஐத் தாண்டும் இடத்தில் வேலை செய்பவர்களுக்குச் செவித்திறன் சோதனையும் செய்ய வேண்டும்.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் அல்ல. 3 டெசிபல் கூடினால் சத்தத்தின் ஆற்றல் இரட்டிப்பு. 85இல் எட்டு மணி நேரம் என்றால் 88இல் நாலு மணி நேரம், 91இல் இரண்டு, 94இல் ஒரே ஒரு மணி நேரம். தோளில் மாட்டிப் புல் வெட்டும் மிஷின் அந்த 94ஐச் சாதாரணமாகத் தொடும். வெளிக்காட்டில் காலை முழுக்க அதைப் பிடித்து நிற்கும் ஆளுக்குக் காதடைப்பான் இல்லை என்றால் அது தவறு, அவ்வளவுதான்.

கைப்பேசியில் சத்தம் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. சட்டத்துக்குச் செல்லாது, ஆனால் பேச்சைத் தொடங்க உதவும்.

வேலையால் காது போனால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இழப்பீடு கேட்கலாமா?

கேட்கலாம். சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு சொக்சோ சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. செவித்திறன் சோதனை அறிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருங்கள்.

எனக்குச் சத்தம் பிரச்சினை இல்லை, வாடைதான். ரப்பர் ஸ்டோரில் தலை சுற்றுகிறது. என்ன செய்வது?

வாடையைப் பற்றிப் பேசும்போது நிதானமாக இரண்டாகப் பிரிக்க வேண்டும். தொந்தரவு தரும் வாடை ஒன்று, ஆபத்தைச் சொல்லும் வாடை ஒன்று.

கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், அழுகும் வாடை முதல் வகை. நாற்றம் கொடுமையாக இருந்தாலும் வழக்கமான அளவில் விஷமல்ல. ஆனால் ரப்பர் பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியா இரண்டாம் வகை. அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். எட்டு மணி நேரச் சராசரியாக 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) என்பது நம் நாட்டு வரம்பு. கூர்மையான மூக்கு அதற்கு வெகு முன்பே சொல்லிவிடும். கண் எரிந்து நீர் வடிகிறது என்றால் உங்கள் கூருணர்வைக் குறை சொல்லாதீர்கள், காற்றோட்டத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளங்களின் அழுகிய முட்டை வாடைக்கு ஹைட்ரஜன் சல்ஃபைட் ஒரு காரணம். இந்த வாயுவின் பயங்கரம் என்னவென்றால், அளவு மிகக் கூடும்போது மூக்கு மரத்துப் போய் வாடையே தெரியாமல் போய்விடும். குழிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ இறங்கியவர் ‘இப்போது வாடை இல்லை’ என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். இப்படிப்பட்ட மூடிய இடங்களில் வாயுமானி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. மூக்குக் கூர்மை உள்ள ஆள் ‘இங்கே ஏதோ சரியில்லை’ என்றால் அவரைக் கிண்டல் செய்யாமல் கேளுங்கள்.

மற்றபடி தொந்தரவு வாடைக்கு: காற்று வரும் திசையில் நிற்கும் வேலையை மாற்றிக் கேட்கலாம், காலையில் வெறும் வயிற்றோடு போகாமல் இருக்கலாம். மாஸ்க்குக்குள் தைலம் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. வாடைக் கூருணர்வு உள்ளவருக்குத் தைலமே தலைவலியைக் கிளப்பும், பார்த்துச் செய்யுங்கள். அலுவலகத்தில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கத்தில் ஒருவர் அத்தர் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கோபப்படாதீர்கள்.

ட்யூப் லைட் வெளிச்சத்தில் தலைவலி வருகிறது. கற்பனையா?

கற்பனை அல்ல. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய காந்தச் சோக்கு வைத்த ட்யூப் லைட் அதனால் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நரம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். சிலருக்குக் கண்வலியும் தலைவலியும் வரும். மின்னணுச் சோக்கு வைத்தால் இந்தத் தொல்லை போய்விடும். மலிவான எல்இடி விளக்குகளும் சிமிட்டும். கைப்பேசிக் கேமராவை விளக்குக்கு நேராகப் பிடித்தால் திரையில் கறுப்புக் கோடுகள் ஓடுவது தெரியும். அதைப் படம் பிடித்துக் காட்டினால் மேனேஜருக்கு விளங்க வைப்பது எளிது.

மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்புவது, தலைக்கு மேலே உள்ள ஒரு ட்யூப் லைட்டை மட்டும் கழற்றுவது, கணினித் திரையின் ஒளியைக் குறைப்பது ஆகியவற்றை முதலில் செய்து பாருங்கள். கட்டடத்துக்குள் கறுப்புக் கண்ணாடி போடுவதை வழக்கமாக்க வேண்டாம். கண் இருட்டுக்குப் பழகிவிடும், பிறகு சாதாரண வெளிச்சமும் குத்தும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வெளிர் ரோஜா நிறச் சாயம் ஏற்றிய கண்ணாடி உதவலாம். கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

யூனிஃபார்ம், கையுறை, பூட்ஸ் எதுவும் உடம்பில் தாங்கவில்லை.

லேபிளைத் தையலோடு பிரித்து எடுங்கள். புதுச் சட்டையை நாலைந்து முறை துவைத்துவிட்டுப் போடுங்கள். உள்ளே பருத்தி பனியன். கையுறைக்குள் அரிப்பும் தடிப்பும் வந்தால் அது ரப்பர் பால் ஒவ்வாமையாக இருக்கலாம், அது வேறு விஷயம். நைட்ரைல் கையுறை கேளுங்கள், டாக்டரையும் பாருங்கள். பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்வது மட்டும் வேண்டாம். ஒரு வகை ஒத்துவராவிட்டால் வேறு வகை கேட்பது சரியான கோரிக்கை. பஞ்சுக் காதடைப்பான் காதுக்குள் உறுத்துகிறவர்களுக்கு வெளியே மூடும் வகை சரிப்படும். வியர்வையில் அது முடியாதவர்களுக்கு உள்ளே வைக்கும் வகை.

அப்படியானால் நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொண்டே இருக்கலாமா?

வேண்டாம். ஆலைக்குள் கட்டாயம் போடுங்கள், சத்தமில்லாத இடத்தில் எடுத்துவிடுங்கள். தொடர்ந்து அடைத்தே வைத்தால் கிடைக்கும் கொஞ்சம் சத்தத்தையும் மூளை பெரிதாக்கிக் கேட்கத் தொடங்கும். அப்புறம் வீட்டில் தட்டு வைக்கும் சத்தமும் தாங்காது. ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் ஹாரன் கேட்காத அளவுக்கு அடைப்பதும் ஆபத்து.

மேனேஜரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களின் பயம் நியாயமானது. ஒரே ஆலையை நம்பி மூன்று குடும்பம் இருக்கும் ஊரில் ‘பிரச்சினை பண்ற ஆள்’ என்ற பெயர் வந்தால் தம்பிக்கும் மச்சானுக்கும்கூட வேலை கிடைக்காதோ என்ற பயம் உண்டு.

என் அனுபவத்தில் பலன் தந்த முறை இது. நோயின் பெயரில் தொடங்காதீர்கள், வேலையில் தொடங்குங்கள். எந்த இடம், எந்த நேரம், என்ன ஆகிறது, என்ன மாற்றம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பேரங்காடியில் வேலை செய்யும் ஒரு பெண் இப்படிக் கேட்கலாம்: ‘பாஸ், ஒரு விஷயம் பேசணும். அந்த ஸ்பீக்கர் நேரா என் தலைக்கு மேல இருக்கு. மத்தியானத்துக்கு மேல சில்லறை தப்பா குடுத்துடறேன். அது ஒன்னை மட்டும் கொறைக்க முடியுமா? இல்லன்னா என்னை ஓரத்துக் கவுண்டருக்கு மாத்திக் குடுங்க. ரெண்டு வாரம் பார்ப்போம்.’ இதில் புகார் இல்லை, தெளிவான கோரிக்கை இருக்கிறது, சோதித்துப் பார்க்கத் தவணையும் இருக்கிறது. ‘எனக்கு இங்கே வேலை செய்யவே முடியல’ என்று அழுதுகொண்டு சொன்னால், மேனேஜர் நல்லவராக இருந்தாலும் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது.

பேசிய அன்றே ‘இன்று இதைப் பேசினோம்’ என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பி வையுங்கள். மறுபடி பேச வேண்டி வந்தால் உதவும்.

சட்டம் தரும் பலமும் உண்டு. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றே, வேலைச்சூழலைத் தொழிலாளரின் உடல், உளத் தேவைகளுக்கு ஏற்ப அமைப்பது. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, பாதுகாப்பு பற்றிப் புகார் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ அவர் நிலையைக் கெடுக்கவோ கூடாது. 2024 ஜூன் 1 முதல் இந்தச் சட்டம் நாட்டின் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையிலும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். 40 பேர் இருந்தால் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருப்பார்கள். முதலில் அவர்களிடம் போங்கள். அங்கே நடக்காவிட்டால் ஜேகேகேபி எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

வேலை நேரத்தை மாற்றிக் கேட்க முடியுமா?

முடியும். 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60P பிரிவின் கீழ் வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்புறம், ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் குறைந்தது அரை மணி நேர ஓய்வு உண்டு. அந்த அரை மணி நேரத்தை டிவி அலறும் கேண்டீனில் கழிக்காதீர்கள். ஸ்டோருக்குப் பின்னால் மரநிழல் இருந்தால் அங்கே போய் உட்காருங்கள்.

எந்த டாக்டரிடம் போவது? மனநல மருத்துவர் என்றால் வீட்டில் பயப்படுகிறார்கள்.

நம் பேராக்கில் இந்தப் பயத்துக்கு ஒரு ஊர்ப் பெயரே உண்டு. ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க’ என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். 1911இல் தொடங்கிய அந்த ஊர் மனநல மருத்துவமனை இன்று பகாகியா உலு கிந்தா என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே வெளிநோயாளியாக வந்து மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பேச்சை நாம்தான் நிறுத்த வேண்டும்.

உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் அங்கே போகவே தேவையிருக்காது. அரசாங்க கிளினிக்கில் தொடங்குங்கள், குடிமக்களுக்கு 1 ரிங்கிட். தலைவலி, காது, தூக்கம், பதற்றம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். தேவை என்றால் காது மூக்கு தொண்டை நிபுணருக்கோ மனநலப் பிரிவுக்கோ கடிதம் தருவார்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியிலும் பெமுலிஹான் சாராகெர்ஜா என்ற பிரிவு உண்டு. அங்கே இருக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களின் வேலையே, அன்றாட வேலையை ஒருவருக்கு ஏற்றபடி எப்படி அமைப்பது என்று பார்ப்பது. பலருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. கேட்டு வாங்குங்கள்.

போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எப்போது, எங்கே, எது தூண்டியது, எவ்வளவு நேரம் நீடித்தது. டாக்டரின் ஐந்து நிமிடத்தில் இந்த நோட்டு நிறைய வேலை செய்யும்.

இதற்கு ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை கிடைக்குமா?

கூருணர்வுக்கு மட்டும் கிடைக்காது. ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதிசெய்தால் கற்றல் குறைபாடு என்ற வகையில் சமூக நலத்துறையில் பதியலாம். பதிவு கட்டாயமல்ல. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வேலையில் சம உரிமை பற்றிப் பேசுகிறது, ஆனால் மீறுகிற முதலாளிக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. அந்தக் குறை சரிசெய்யப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் சூப்பர்வைசர். என் கீழ் ஒருவர் இப்படி இருக்கிறார். நான் என்ன செய்யலாம்?

முதலில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ‘எது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?’ என்று கேளுங்கள். நீங்களே ஊகித்து முடிவு செய்யாதீர்கள். சத்தம் என்று நினைத்து நீங்கள் இடம் மாற்றுவீர்கள், அவருக்குத் தொல்லை விளக்காக இருக்கும். நாலு பேர் முன்னால் ‘இவருக்குச் சத்தம் ஆகாதாம்’ என்று அறிவிக்காதீர்கள். பின்னால் வந்து தோளில் தட்டிக் கூப்பிடாதீர்கள், முன்னால் வந்து கையசைத்துக் கூப்பிடுங்கள். மிஷின் ஓட்டிப் பார்ப்பது, தீயணைப்பு ஒத்திகை, மாலையில் நடக்கப் போகும் வெல்டிங் இவற்றைக் காலைப் பெரட்டிலேயே (வேலை தொடங்குமுன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) சொல்லிவிடுங்கள்.

இவர்களிடம் ஒரு பலமும் உண்டு. பேரிங் தேயும் சத்தத்தை, பெல்ட் கருகும் வாடையை முதலில் பிடிப்பவர் பெரும்பாலும் இந்த ஆள்தான். அந்தக் காதையும் மூக்கையும் மதித்துப் பயன்படுத்துங்கள்.

வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்களில் இப்படிப்பட்டவர்கள் இருந்தால் அவர்களால் மொழி தெரியாமல் சொல்லவும் முடியாது. அவர்களையும் நினைவில் வையுங்கள்.

எப்போது ‘இனி முடியாது’ என்று முடிவெடுப்பது?

காலையில் வேலையை நினைத்தாலே வாந்தி வருகிறது, வாரக்கணக்கில் தூக்கமில்லை, பிள்ளைகளிடம் காரணமில்லாமல் சீறுகிறீர்கள், சத்தத்தை மறக்கக் குடிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் இனியும் தள்ளிப் போடாதீர்கள். டாக்டரைப் பாருங்கள், எம்சி (மருத்துவச் சான்று) வாங்கி ஓய்வெடுங்கள். சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உங்கள் உரிமை. கேட்டும் எதுவும் மாறவில்லை என்றால் வேறு வேலை தேடுவதில் தோல்வி எதுவும் இல்லை. அடுத்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு விடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555. அந்த நேரம் அது கிடைக்காவிட்டால் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

வேலை முடிந்து வந்தவரிடம் வாசலிலேயே கணக்கு வழக்கு பேசாதீர்கள். குளித்து, ஒரு டீ குடித்து, அரை மணி நேரம் சும்மா இருக்க விடுங்கள். சீரியல் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். லயத்து வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று நமக்குத் தெரியும், ஆகவே இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஜன்னலுக்குக் கனத்த துணி போடுங்கள். கல்யாண வீட்டிலிருந்து அவர் சீக்கிரம் கிளம்பினால் ‘ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே’ என்று கேட்காமல் வண்டிச் சாவியை எடுத்துக் கொடுங்கள்.